கமாண்ட் லைன் டூல் இன்ஸ்டால் பண்ணா ஃபயர்வால் ஏன் குறுக்கே வருது? ‘அலோ’ கொடுக்கலாமா?

டெர்மினலில் ஒரு டூலை இன்ஸ்டால் பண்றீங்க. எல்லாம் சரியா ஓடிட்டிருக்கு. திடீர்னு ஃபயர்வால் ஒரு விண்டோவைத் திறந்து, ‘இந்த ஆப்பை நெட்வொர்க்கில் அனுமதிக்கலாமா?’ என்று கேட்கிறது. அதில் இருக்கும் பெயரோ ‘ஓபன்ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரி’. நீங்க இன்ஸ்டால் பண்ண டூலின் பெயரே அதில் இல்லை. அவசரத்தில் பலரும் ‘அலோ’ தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பயந்தவர்கள் ‘கேன்சல்’ கொடுக்கிறார்கள். இரண்டுக்குமே பின்விளைவு உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டூல் இணையத்திலிருந்து டவுன்லோட் ஆவதால் இந்தக் கேள்வி வருவதில்லை. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வெளியே போகிறவரை நிறுத்துவதில்லை, உள்ளே வருகிறவரைத்தான் ‘யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்பார். விண்டோஸ் ஃபயர்வாலின் டீஃபால்ட் செட்டிங்கும் இதேதான். ஒரு புரோகிராம் ஒரு போர்ட்டைத் திறந்துவைத்து, ‘வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் பதில் சொல்கிறேன்’ என்று உட்காரும்போதுதான் அது உங்களிடம் வருகிறது.

சாதாரண டூல் எதற்கு அப்படி உட்கார வேண்டும்? பல டூல்கள் பின்னணியில் ஒரு குட்டி சர்வரை ஓட்டுகின்றன. உதாரணத்துக்கு, ராபிட்எம்க்யூ இயங்க எர்லாங் தேவை. எர்லாங்கோடு ‘எபிஎம்டி’ என்ற புரோகிராமும் வரும். எந்த எர்லாங் நோடு எந்த போர்ட்டில் இருக்கிறது என்று சொல்வதுதான் அதன் வேலை. அதற்காக 4369-வது போர்ட்டில் காத்திருக்கும். கேட்டிராத பெயர் என்பதாலேயே அது வைரஸ் இல்லை.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஃபயர்வால் இருந்தது, ஆனால் டீஃபால்ட்டாக ஆன் செய்யப்படவில்லை. 2003 ஆகஸ்ட்டில் பிளாஸ்டர் வார்ம், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே திறந்திருந்த போர்ட் வழியாகக் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு வந்த சர்வீஸ் பேக் 2-ல் மைக்ரோசாஃப்ட் ஃபயர்வாலை டீஃபால்ட்டாகவே ஆன் செய்தது.

‘அலோ’ கொடுத்தால்?

அனுமதி போவது உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு அல்ல, அதை ஓட்டும் பைதான் அல்லது நோட் புரோகிராமுக்கு. இன்று ஒரு புராஜெக்ட்டுக்காக பைதானுக்கு அனுமதி கொடுத்தால், நாளை அதே பைதானில் ஓடும் வேறு எந்த ஸ்கிரிப்ட்டும் கேட்காமலேயே போர்ட்டைத் திறக்கலாம். பலர் கவனிக்காத இடம் இதுதான்.

பைதானோடு வரும் எளிய வெப் சர்வர், டீஃபால்ட்டாக கம்ப்யூட்டரின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் உட்காரும். அதாவது, எல்லா நெட்வொர்க்குக்கும் கதவு திறந்திருக்கும். காபி ஷாப் வைஃபையில் ‘பப்ளிக்’ டிக் செய்துவிட்டு அதை ஓட்டினால், அந்த நெட்வொர்க்கில் இருப்பவர் உங்கள் ஃபோல்டரைப் பார்க்க வாய்ப்பு உண்டு. பாஸ்வேர்ட், ஏபிஐ கீ வைத்திருக்கும் ஃபைல் அதில் இருந்தால் அதுவும் போச்சு.

உங்க லேப்டாப்பில் மட்டும் டெஸ்ட் பண்ணணும்னா, சர்வரை 127.0.0.1-ல் ஓட்டுங்க. அது வெளியாளுக்குத் தெரியாத முகவரி. ஃபயர்வாலும் கேள்வி கேட்காது. மொபைலில் திறந்து பார்க்கணும் என்றால் மட்டும், வீட்டு வைஃபையில் ‘பிரைவேட்’டை மட்டும் டிக் செய்தால் போதும்.

‘கேன்சல்’ கொடுத்தால்?

‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நினைத்துத்தான் கேன்சல் தட்டுகிறோம். விண்டோஸ் அதை ‘தடு’ என்று எடுத்துக்கொண்டு அந்தப் புரோகிராமுக்கு பிளாக் ரூல் எழுதிவிடும். மறுபடி கேட்காது. ஒரு வாரம் கழித்து மொபைலில் உங்க சைட் திறக்காமல் மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். அலோ ரூலும் பிளாக் ரூலும் சேர்ந்து இருந்தால் பிளாக்தான் ஜெயிக்கும். எனவே புதிதாக அனுமதி கொடுப்பதோடு நிற்காமல், ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ‘இன்பவுண்ட் ரூல்ஸ்’ போய் பழைய பிளாக் ரூலை நீக்க வேண்டும்.

ஃபயர்வால் கேட்கவில்லை என்றால் எல்லாம் பத்திரமா? அதுவும் இல்லை. 2021 அக்டோபரில் ‘யுஏ-பார்சர்-ஜேஎஸ்’ என்ற பிரபலமான என்பிஎம் பேக்கேஜில் மால்வேர் ஏற்றப்பட்டது. இன்ஸ்டால் ஆகும்போதே ஓடும் ஸ்கிரிப்ட் வழியாகத்தான் அது வேலை செய்தது. பாஸ்வேர்ட் திருடும் மால்வேர் பெரும்பாலும் டேட்டாவை வெளியேதான் அனுப்பும். வெளியே போகிறவரை நம்ம வாட்ச்மேன் நிறுத்துவதில்லையே!

மேக்கில் கதை கொஞ்சம் வேறு. முறையான டிஜிட்டல் கையெழுத்து உள்ள ஆப்களை ஆப்பிளின் ஃபயர்வால் தானாகவே அனுமதித்துவிடும். பைதான் அப்டேட் ஆனதும் அதே கேள்வி மறுபடி வந்தால், அது இருக்கும் இடமோ ஃபைலோ மாறியதால் மேக் அதைப் புது ஆப்பாக நினைக்கிறது என்று அர்த்தம்.