இணைய முகவரியில் %20 எங்கிருந்து வந்தது?

இணையத்தில் உலா வரும்போது அட்ரஸ் பாரில் %20, %26 என்று புரியாத எண்களைப் பார்த்திருப்பீர்கள். வைரஸோ என்று பயப்பட வேண்டாம். இவை இல்லாவிட்டால்தான் சிக்கல். நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் வெப்சைட்டைக் கவனித்து வந்தேன். "ரேட்#2" என்ற விலைப்பட்டியல் பைலை அதில் ஏற்றி, முகவரியைக் கையால் டைப் செய்து வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்பினேன். "பைல் இல்லை" என்று பதில் வந்தது. அன்றே விலை சொல்லாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும். சர்வரில் பார்த்தால் பைல் பத்திரமாக இருக்கிறது!

ஏன் இப்படி?

முகவரியில் சில குறிகளுக்குத் தனி வேலை உண்டு. # என்பது, பக்கத்துக்குள் குறிப்பிட்ட இடத்துக்குப் போகச் சொல்லும் குறி. அதிலிருந்து பின்னால் உள்ள எதையும் பிரவுசர் சர்வருக்கு அனுப்பாது. எனவே சர்வர் "ரேட்" என்ற பைலைத் தேடியிருக்கிறது. அதேபோல & ஒரு விவரத்தை அடுத்ததிலிருந்து பிரிக்கும். "பனியன் & ஜட்டி" என்று தேடும்போது அதை மாற்றாமல் அனுப்பினால், சர்வர் பனியனோடு நின்றுவிடும். இடைவெளிக்கோ முகவரியில் இடமே இல்லை.

இதற்குத்தான் மாற்று வேடம். ஆஸ்கி பட்டியலில் இடைவெளியின் எண் 32. பதினாறின் அடிப்படையில் எழுதினால் அது 20 (இரண்டு பதினாறு 32). முன்னால் % சேர்த்தால் %20. இப்படியே # என்பது %23, & என்பது %26. இந்த விதிகளை 2005 ஜனவரியில் வெளியான ஆர்.எப்.சி. 3986 வரையறுக்கிறது. முகவரியில் %23 என்று திருத்தி அனுப்பினேன், பைல் திறந்தது.

தமிழ் எழுத்துகள்

"திருப்பூர்" என்பது நம் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் 10 குறியீடுகள். யூ.டி.எப்.-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் % உடன் 3 எழுத்தாகும். ஆக மொத்தம் 90! தமிழ் விக்கிப்பீடியா முகவரியை காப்பி செய்து மெயிலில் ஒட்டும்போது அது நீண்டு போவது இதனால்தான். முகவரி சரியானதே.

கவனிக்க வேண்டியவை

* வெப்சைட்டில் ஏற்றும் பைல் பெயரில் இடைவெளி, #, &, %, ? வேண்டாம். ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு போதும்.

* புரோகிராம் எழுதுகிறீர்களா? முழு முகவரியையும் மொத்தமாக மாற்றாதீர்கள். வேலை செய்ய வேண்டிய குறிகளும் மறைந்துவிடும். பைல் பெயர், தேடும் சொல் என்று தனித்தனியே மாற்றிய பின் இணையுங்கள்.

* ஒரு முறை மட்டும் மாற்றுங்கள். இரண்டாம் முறை மாற்றினால் % குறியே %25 ஆகி, %20 என்பது %2520 ஆகிவிடும். அப்போதும் "பைல் இல்லை" என்றுதான் பதில் வரும்.