பத்து விநாடியில் சிக்காத படபடப்பு

ஈப்போவுக்கு வடகிழக்கே தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை, இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது. "அவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்றால் மலேசியாவில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அந்த ஊருக்கு அருகில் வாழும் ஒரு பெண், நெஞ்சு படபடக்கிறது என்று கிளினிக்குக்குப் போகிறாள். "இசிஜி நன்றாக இருக்கிறது, எல்லாம் டென்ஷன்தான்" என்ற பதில் வருகிறது. தனக்குப் பைத்தியப் பட்டம் கட்டுகிறார்கள் என்றே அவள் எடுத்துக்கொள்வாள். அடுத்த முறை படபடப்பு வந்தால் வாயைத் திறக்கமாட்டாள்.

அவள் சொன்னது முழுக்க உண்மையாக இருந்திருக்கலாம்.

இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பு இறங்க இயல்பாக ஒரே வழிதான் உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே இன்னொரு வழியும் அமைந்துவிடுகிறது. 1930இல் உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்ற மூன்று மருத்துவர்கள் விவரித்த நோய்க்கு இதுவே காரணம். ஒரு வழியில் இறங்கிய துடிப்பு மற்றொரு வழியில் ஏறி வட்டமடிக்கத் தொடங்கினால், நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்க வேண்டிய இதயம் திடீரென 180க்குப் பாயும். நின்றால் அதுவும் திடீரென நிற்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து கார் பிடித்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, நம்பர் எடுத்துக் காத்திருந்து, கட்டிலில் படுக்கும்போது எல்லாம் அடங்கியிருக்கும். வழக்கமான இசிஜி பதிவு செய்வது சுமார் 10 விநாடியை மட்டுமே. அந்த 10 விநாடியில் இதயம் ஒழுங்காகத் துடித்தது என்பதற்குத்தான் அந்தத் தாள் சாட்சி. காலையில் அடுப்படியில் நடந்தது அதற்குத் தெரியாது.

இது வெறும் ஆதங்கமல்ல. இவ்வகைத் துடிப்புக் கோளாறு உறுதியான 107 பேரின் பழைய கதையை அமெரிக்க மருத்துவர்கள் தோண்டிப் பார்த்து 1997இல் வெளியிட்டார்கள். முதல் பரிசோதனையில் 55 விழுக்காட்டினரின் நோய் பிடிபடவில்லை. அப்படித் தவறவிடப்பட்டவர்களில் பாதிப் பேர் மூன்று ஆண்டுக்கும் மேல் அலைந்திருக்கிறார்கள். பதற்றம், மன அழுத்தம் என்று முத்திரை குத்தப்பட்டது பெண்களில் 65 விழுக்காட்டினருக்கு, ஆண்களில் 32 விழுக்காட்டினருக்கு. வேதனையான வேறுபாடு இது. அந்த 107 பேரில் 67 விழுக்காட்டினரின் அறிகுறிகள், பதற்ற நோய்க்கான பாடப்புத்தக அளவுகோலுக்கும் அப்படியே பொருந்தின. நெஞ்சு 180இல் ஓடினால் யாருக்குத்தான் பயம் வராது? பயத்தைப் பார்த்த மருத்துவர், அதைக் கிளப்பிவிட்ட இதயத்தைப் பார்க்கவில்லை.

பேராக் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், ஒருவர் இல்லையென்றால், அவருக்கு உடம்பு சரியில்லை என்பதைத் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. காய்ச்சலைக் கைவைத்தே அறியலாம். மலேரியாவில் வீங்கிய மண்ணீரல் விரலுக்குத் தட்டுப்படும். வந்துவிட்டுப் போன படபடப்புக்கு எதைக் காட்டுவது? காட்ட முடியாத நோய் சாக்குப்போக்காகவே பார்க்கப்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயக் குடியிருப்புகளை விட்டு ஈப்போ வட்டாரத்துப் புந்தோங்குக்கும் சிம்மோருக்கும் குடிபெயர்ந்த பிறகும், வெள்ளை அங்கியின் முன் பேச்சைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கம் முதியவர்களிடம் மிச்சமிருக்கிறது.

மருத்துவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. படபடப்போடு வந்த 190 பேரை ஆராய்ந்த 1996ஆம் ஆண்டு ஆய்வில், 43 விழுக்காட்டினருக்கு இதயமும் 31 விழுக்காட்டினருக்கு மனமும் காரணமாக இருந்தன. மனதைச் சந்தேகிப்பது குற்றமில்லை. ஒரே ஒரு தாளைப் பார்த்துக் கோப்பை மூடுவதுதான் தவறு. வயதானவர்களிடம் இந்த அவசரம் ஆபத்தாகவே முடியலாம். மேலறை நடுக்கம் என்ற ஒழுங்கற்ற துடிப்பு, பக்கவாத அபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது. நீரிழிவு இருப்பவர்களுக்கு இந்த நடுக்கம் வரும் வாய்ப்பும் கூடுதல். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. சர்க்கரையைப் பற்றிப் பேசியே கிளினிக்கில் நேரம் தீர்ந்துவிடுகிறது.

1940களில் நார்மன் ஹோல்ட்டர் உருவாக்கிய முதல் நடமாடும் இசிஜி கருவியை, சுமார் 38 கிலோ எடையோடு முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. இன்று அது உள்ளங்கைக்குள் அடங்கி, 24 மணி நேரமும் அதற்கு மேலும் பதிவு செய்கிறது. மாதத்துக்கு ஒருமுறை வரும் படபடப்பை ஒருநாள் பதிவு பிடிப்பது அரிது. நீண்ட நாள் பதிவைக் கேட்டுப் பெற வேண்டும். கண்டுபிடித்துவிட்டால், கூடுதல் வழியைக் கம்பிக்குழாய் செலுத்திச் சுட்டு அடைக்கும் சிகிச்சை பெரும்பாலோரைக் குணமாக்குகிறது.

ஆகவே, படபடப்பு வந்தால் நாடியை எண்ணி, தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் எழுதி வையுங்கள். துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அருகிலுள்ள கிளினிக்கில் இசிஜி எடுக்கச் சொல்லி, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.