நுனாவுட்டைக் காலி செய்வது

கனடாவின் வடகோடியில் இருக்கும் நுனாவுட் பிரதேசத்தில் 25 ஊர்கள். எந்த ஊருக்கும் வெளியிலிருந்து சாலை கிடையாது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக்கூடக் கிடையாது. அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்த ஆசிரியரோ நர்ஸோ ஊர் மாற வேண்டுமென்றால் லாரி பிடிக்க முடியாது. ஆள் விமானத்தில் போகவேண்டும், கனமான சாமான் கப்பலில் போகவேண்டும். இரண்டுக்கும் நாள் ஒத்துவராது என்பதுதான் சிக்கல்.

ஆசிரியரையே எடுத்துக்கொள்வோம். கோடை தொடங்கும்போது பள்ளி முடிந்துவிடும். ஆனால் கடல்பனி உடைந்து சரக்குக் கப்பல் வருவது ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவில். பாண்ட் இன்லெட் போன்ற வடக்கு ஊர்களுக்கு இன்னும் தாமதமாக வரும். எனவே மரப்பெட்டியில் அடைத்து, முகவரி எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். பெரும்பாலான ஊர்களில் துறைமுகம் இல்லை. கப்பல் தள்ளி நிற்கும். ஓதம் ஏறும் நேரம் பார்த்துத் தெப்பப் படகுகள் கரைக்கு வரும். அந்த நேரத்தில் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். பெட்டி செய்யப் பலகையும் அங்கே எளிதில் கிடைக்காது. மரமே வளராத ஊர். முந்தைய கோடைக் கப்பலிலேயே வரவழைத்து வைத்தவர்கள் பிழைத்தார்கள்.

என்னைக் கேட்டால், பெட்டி சிறிதாக இருப்பதே நல்லது. வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும். கட்டில், மேசை பெரும்பாலும் அந்த வீட்டுக்கே சொந்தம். பனிவண்டியை உள்ளூரிலேயே விற்றுவிடலாம். புதியது வேண்டுமென்றால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால் பழையதற்கும் கிராக்கி உண்டு.

பரிசாக வந்த பொருள்களில்தான் கவனம் வேண்டும். கல் சிற்பத்தால் தொல்லையில்லை. நார்வால் திமிங்கிலத்தின் தந்தம், துருவக்கரடித் தோல் போன்றவற்றைப் பிரதேசத்துக்கு வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு தேவை. நாட்டைவிட்டு வெளியே என்றால் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தப்படி தனி அனுமதி. சீல் தோல் கையுறையோடு அமெரிக்கா வழியாகப் போவதும் வம்பு. கடல் பாலூட்டிகளுக்கான 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே அதைப் பறிமுதல் செய்யலாம்.

வருமான வரியில் வடபகுதி வாசிகளுக்கான கழிவு, கிளம்பும் ஆண்டிலும் அங்கே வாழ்ந்த நாள்களுக்குக் கிடைக்கும்; வீட்டு முகவரிக்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊராரிடம் எப்போது சொல்வது? பலர் கடைசி வாரம்வரை தள்ளிப்போடுகிறார்கள். அது தவறு என்பேன். தெற்கிலிருந்து வந்து ஓரிரு ஆண்டில் மறைந்துபோன ஆசிரியர்களை பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பார்த்தவர்கள். குளிர்காலத்திலேயே சொல்லிவிட்டால் கேள்வி கேட்கவும் கோபப்படவும் அவர்களுக்கு நேரம் கிடைக்கும். பெரியவர்களிடம் நேரில் போய்ச் சொல்லவேண்டும். பனிவண்டி விற்பனை அறிவிப்பைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது.

விமானப் பயணத்துக்குச் சில எச்சரிக்கைகள்: மூடுபனியோ பனிப்புயலோ வந்தால் நாள்கணக்கில் பறக்காது. தெற்கே இணைப்பு விமானத்தை அதே நாளில் பதிவு செய்யாதீர்கள். மருந்தும் சான்றிதழ்களும் கைப்பையில் இருக்கட்டும். சிறிய விமானத்தில் எடை கூடினால் உங்கள் பயணப்பெட்டி அடுத்த விமானத்தில்தான் வரும்.