டயருக்கு எந்தக் காத்து?



குயிலாப்பாளையத்திலிருந்து திண்டிவனம், விழுப்புரம் என்று வண்டியில் போகிற நம்மிடம், "நைட்ரஜன் அடிச்சுக்கங்கம்மா" என்கிறார்கள். காசு கொடுக்குமுன் யோசிப்போம்.

சாதாரண காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இறங்கும்போது கடுமையாகச் சூடேறும் விமான டயர் தீப்பிடிக்காமலிருக்க சுத்த நைட்ரஜன் தேவை. நம் ஸ்கூட்டிக்கு அது சற்று மெதுவாகக் குறையும், அவ்வளவுதான். நைட்ரஜன் டயரில் சாதாரண காற்றைச் சேர்த்தாலும் கெடுதல் இல்லை.

முக்கியம் அளவுதான். காத்து குறைந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், டயர் தேயும், பின்னால் பிள்ளை இருக்கும்போது வண்டி அலையும். 15 நாளுக்கு ஒருமுறை, டயர் சூடேறுமுன் பாருங்கள். வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவே சரி. பெட்ரோல் பங்கில் காற்று இலவசம், தயங்காமல் கேட்போம். மிச்சமாகும் பணம் சேமிப்பில் சேரட்டும்!