உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம்

அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹுலியின் ‘மாக்கியா’ வரிசைக் கிண்ணங்களைப் பார்ப்பவர்களுக்கு முதலில் ஒரு சந்தேகம் எழும். வெளிப்புறம் நீலமும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். எட்டி உள்ளே பார்த்தால் பளிச்சென்ற ஆரஞ்சு. ஒளி புகும் மெல்லிய கண்ணாடியில் இந்த நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அழுக்குப் பழுப்பாகத்தானே தெரிய வேண்டும்?

தெரியவில்லை. காரணம், நடுவில் ஒளிந்திருக்கும் வெள்ளை. உள்நிறத்துக்கும் வெளிநிறத்துக்கும் இடையே மேகம் போலப் பரவிய வெண்கண்ணாடி ஒன்று இருக்கிறது. அது ஒளியை ஓரளவு விடும், எதிர்ப்பக்கத்து நிறத்தை விடாது. இந்த வரிசையின் உயிரே அந்த வெள்ளைதான்.

1981-ல் ஒருநாள் கண் விழித்தபோது, பட்டறையில் இருக்கும் 300 வண்ணங்களையும் பயன்படுத்திவிட வேண்டும் என்று தோன்றியதாம் சிஹுலிக்கு. ஆசைப்படலாம், கண்ணாடி சம்மதிக்க வேண்டுமே! இங்கே நிறத்தைத் தருபவை பெரும்பாலும் உலோகங்களும் அவற்றின் சேர்மங்களும். கோபால்ட் நீலம் தரும், தங்கம் மாணிக்கச் சிவப்பு தரும், காட்மியமும் செலினியமும் சேர்ந்தால் ஆரஞ்சு. ஒவ்வொரு வண்ணக் கண்ணாடியும் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கும். அந்த அளவு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால், ஆறிய பிறகு கிண்ணம் தானாகவே விரிசல் விடும்.

சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் உலையிலிருந்து கம்பிப்பதப் பாகு போல இழுபடும் கண்ணாடியை ஊதுகுழலின் நுனியில் சுற்றி எடுக்கிறார்கள். உள்நிறம் முதலில், அதன்மேல் வெண்மேகம், பிறகு தெளிந்த கண்ணாடி, கடைசியாக வண்ணத் துணுக்குகள் பரப்பிய இரும்பு மேடைமேல் ஓர் உருட்டு. குழலைச் சுழற்றுவது மட்டும் ஒரு கணமும் நிற்கக் கூடாது. நின்றால் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். நனைத்து மடித்த செய்தித்தாளை உள்ளங்கையில் ஏந்தி, தகிக்கும் குமிழை அதில் வைத்து உருவம் தேய்க்கிறார் தலைமைக் கைவினைஞர். கைக்கும் நெருப்புக்கும் நடுவே இருப்பது ஈரக் காகிதம்தான். ஆவி எழும், காகிதம் கருகும், மறுபடி நனைப்பார்கள்.

வாய் விளிம்பில் வேறொரு நிறத்தில் ஓர் இழை சுற்றுவார்கள். பிறகு மறுபடி சூடேற்றி வேகமாகச் சுழற்றினால், மூடிக் கிடந்த வாய் சட்டென்று விரிகிறது. இளகிய விளிம்பு தன் எடையாலேயே அலை அலையாக மடிகிறது. அந்த மடிப்பைப் பாதிக்குமேல் முடிவு செய்வது ஈர்ப்பு விசை. எங்கே நிறுத்துவது என்பதுதான் மனிதர் கையில் இருக்கிறது. ஏறத்தாழ 480 டிகிரியில் வைத்து மெதுவாக ஆற்றுவதற்குள் ஒரு குழுவே வியர்த்துப் போகிறது.

ஆம், குழு. 1976-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் சிஹுலியின் இடது கண் பார்வை போனது. 1979-ல் கடலலையில் சறுக்கும்போது தோள் மூட்டு விலகியது. அதன்பின் குழல் பிடிக்கும் வேலையை அவர் மற்றவர்களிடம் விட்டுவிட்டார். தாளில் வரைந்து காட்டினார், மற்றவர்கள் ஊதினார்கள். எண்பதுகளில் அவருடைய தலைமைக் கைவினைஞராக இருந்தவர் வில்லியம் மோரிஸ். குழுவாக வேலை செய்யும் பாணியை 1968-ல் வெனிஸ் அருகே முரானோ தீவின் வெனினி பட்டறையில் சிஹுலி நேரில் பார்த்திருந்தார்.

ஊதாதவர் பெயரில் கிண்ணமா என்று கேட்பவர்கள் உண்டு. சமச்சீராக நிற்க வேண்டிய கிண்ணத்தைச் சரியவிடலாம் என்ற துணிவும் வண்ணத் தேர்வும் அவருடையவை. அந்தப் பெயருக்கு அவர் உரியவரே. ஆனால் நான்கடி அகலம் வரை விரிந்த கண்ணாடியைக் கீழே விழாமல் தாங்கியவர்களின் பெயர்களும் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.

சியாட்டிலில் 2012-ல் திறந்த ‘சிஹுலி கார்டன் அண்ட் கிளாஸ்’ காட்சியகத்தில் இந்தக் கிண்ணங்களுக்கென்றே ஓர் அறை இருக்கிறது. அங்கே போனால் அந்த அறையில் கொஞ்சம் நில்லுங்கள். வெளிப்புறத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்புறத்தையும் எட்டிப் பாருங்கள்; நடுவே இருக்கும் வெள்ளை என்ன செய்கிறது என்பது அப்போதுதான் புரியும்.