ஒரிஜினல், டூப்ளிகேட், பட்டயம்
போலிக்கு மூணாறில் சொல் பஞ்சமே இல்லை. ஆனால் ஊரின் மிகப் பெரிய வழக்குக்கு மட்டும் எந்தச் சொல்லும் பொருந்தவில்லை

மூணாறு கடைத்தெருவில் அடிக்கடி கண்ணில் படும் சொல் தேயிலையும் அல்ல, ஏலமும் அல்ல. ‘ஒரிஜினல்’. ஒரிஜினல் தேன், ஒரிஜினல் சந்தனத் தைலம், ஒரிஜினல் மறையூர் சர்க்கரை. ஒரு பொருளின் மேல் இப்படி எழுத வேண்டிய நிலை வந்துவிட்டது என்றாலே அதன் டூப்ளிகேட் பக்கத்துக் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உப்பு மூட்டையின் மேல் யாரும் ஒரிஜினல் உப்பு என்று எழுதி வைப்பதில்லை.

மறையூர் சர்க்கரையின் கதையே இதற்கு நல்ல சாட்சி. மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலையில் சுமார் 40 கிலோ மீட்டரில் மறையூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. அங்கும் காந்தளூரிலும் கரும்பு விளைகிறது. கரும்புக் காட்டுக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டு, சாற்றைக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் கையால் உருட்டி எடுக்கிறார்கள். மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். பலகையைப் பார்த்துச் சீனி என்று நினைத்து உள்ளே போகும் தமிழ்நாட்டுப் பயணி, கறுத்த உருண்டைகளைப் பார்த்து ஒரு கணம் திகைப்பார். 2019ல் இந்த வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் ஒன்றும் போலிகள் ஓய்ந்துவிடவில்லை. சமவெளியிலிருந்து மலிவான வெல்லம் லாரியில் மலையேறி, மறையூர் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்துவிடுகிறது என்பது விவசாயிகளின் நீண்ட நாள் புகார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வந்தேறி வெல்லம்தான் பார்வைக்கு அழகு. ‘ஹைட்ரோஸ்’ என்று ஆலைக்காரர்கள் சொல்லும் ரசாயனத்தைப் பாகில் போட்டால் பொன்னிறம் வரும். மறையூர் உருண்டையோ கரும்பழுப்பு. தங்கம் போல மின்னுவதைத்தான் வாங்குபவர் கை முதலில் எடுக்கிறது. கறுப்பைப் பார்த்து, ‘இது ஒரிஜினல்தானா?’ என்று கேட்கிறது வாய்.

அந்த ‘டூப்ளிகேட்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்கலாம். ஆங்கிலத்தில் அது ஒரு பாவமும் அறியாத சொல். இரட்டிப்பு என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. அச்சு அசலான இன்னொரு பிரதி, அவ்வளவுதான். அந்தச் சாதுவான பொருள் தமிழிலும் அரசாங்க அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது. மதிப்பெண் பட்டியல் தொலைந்துபோனால் உரிய கட்டணம் கட்டி வாங்குவது டூப்ளிகேட் மார்க் ஷீட். அதையே டீக்கடையில் சொல்லிப் பாருங்கள்: ‘அவன் வச்சிருக்கிறது டூப்ளிகேட் மார்க் ஷீட்டு’. இப்போது போலீஸ் வரும். சாவியும் அப்படியே. வீட்டுக்காரர் செய்து வைத்தால் டூப்ளிகேட் சாவி, திருடன் செய்தால் கள்ளச்சாவி. பட்டறையில் ராவியவர் ஒருவராகவே இருக்கலாம்.

இப்படி ஆங்கிலத்திலிருந்து எடுத்து நம் வசதிக்கு வளைத்துக்கொண்ட சொற்கள் நிறைய. ‘கவரிங்’ என்று சொன்னால் இங்கிலாந்துக்காரருக்கு நகை ஞாபகம் வராது. நமக்குச் சிதம்பரம் ஞாபகம் வரும். செம்பின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு. கவரிங்கைக் கவரிங் என்று சொல்லியே விற்கிறார்கள், தெரிந்தேதான் வாங்குகிறோம். அதனால் அது ஏமாற்று இல்லை. லண்டனில் கிறிஸ்டோபர் பிஞ்ச்பெக் என்ற கடிகாரக்காரர் 18ஆம் நூற்றாண்டில் செம்பையும் துத்தநாகத்தையும் கலந்து, தங்கம் போலவே தோன்றும் ஓர் உலோகத்தைச் செய்தார். அவர் வெளிப்படையாகத்தான் விற்றார். ஆனாலும் ‘பிஞ்ச்பெக்’ என்ற அவர் பெயரே ஆங்கிலத்தில் போலிக்கு ஒரு சொல்லாகிவிட்டது. ‘போனி’ என்ற சொல் இன்னும் ஒரு படி மேல். நம் கடைகளில் காலையில் ஆகிற போனி அல்ல இது. போலி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். மோதிரத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள். முலாம் பூசிய பித்தளை மோதிரத்தைத் தெருவில் கண்டெடுத்தது போல நடித்து, தங்கம் என்று யார் தலையிலாவது கட்டுவது அங்கே பழைய மோசடி. நம்மூர் பஸ் நிலையங்களிலும் அதே நாடகம் நடந்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு சொல் கிடைத்தது, நமக்குக் கிடைக்கவில்லை.

‘போகஸ்’ அமெரிக்கச் சரக்கு. 1827ல் ஒஹாயோ மாநிலப் பத்திரிகை ஒன்றில் கள்ள நாணயம் அடிக்கும் இயந்திரத்துக்கு அந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது. இயந்திரத்தின் பெயர் நாணயத்துக்கு வந்து, பிறகு எல்லாவற்றுக்கும் பரவி, நம் ரேஷன் கார்டு வரைக்கும் வந்துவிட்டது. ‘டூப்’ என்பதற்குத் தமிழில் இரண்டு வேலை: சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பவர் டூப், பொய் சொல்வதும் டூப் விடுவது. ஆங்கிலத்தில் உச்சரிப்பில் இதை ஒத்த சொல்லுக்கு ஏமாந்தவன் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டலாத்திப் பறவையை ஏமாளி என்று நினைத்ததால் வந்த சொல்லாம் அது. ஏமாற்றுபவன் பக்கத்துச் சொல் நம்மிடம், ஏமாந்தவன் பக்கத்துச் சொல் அவர்களிடம். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

‘ஃபோர் ட்வென்டி’யை விட முடியுமா? 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் மோசடிக்குக் கொடுத்த எண் 420. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டமே இல்லை. புதிய நியாய சம்ஹிதையில் மோசடிக்கு 318ஆம் பிரிவு. ஆனால் எந்த ஊரிலும் யாரும் யாரையும் பார்த்து, ‘நீ ஒரு 318’ என்று திட்டுவதாகத் தெரியவில்லை.

தமிழின் சொந்தச் சொல்லான ‘போலி’ ஒரு காலத்தில் மரியாதையான இடத்தில் இருந்தது. இலக்கண வகுப்பை மறக்காதவர்களுக்குத் தெரியும். பந்தல் என்பதைப் பந்தர் என்று சொன்னால் கடைப்போலி, ஐந்தை அஞ்சு என்றால் முற்றுப்போலி. எழுத்து மாறினாலும் பொருள் மாறுவதில்லை. அஞ்சு ரூபாய் கள்ள நோட்டு ஆகிவிடுவதில்லை. இன்னொன்றைப் போல இருப்பது குற்றம் என்று இலக்கணம் நினைக்கவில்லை.

மூணாறு தமிழர்களுக்கு இந்த ஆங்கிலச் சொற்கள் புத்தகத்திலிருந்து வந்தவை அல்ல. வெள்ளைத் துரைகளின் தோட்டத்தில் மஸ்டர், டிவிஷன், கண்டக்டர் என்று நான்கைந்து தலைமுறையாக நாக்கில் புழங்கியவை. எது ஒரிஜினல் என்பதிலும் அவர்களுக்குத் தேர்ந்த கண் உண்டு. ‘டஸ்ட் டீ’ என்றால் குப்பை என்று முகம் சுளிக்கும் பயணியைப் பார்த்துத் தோட்டத்துக்காரர்கள் சிரிப்பார்கள். டஸ்ட் என்பது தேயிலையின் ஒரு தரம், கலப்படம் அல்ல. ‘புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ’வில் ஆரஞ்சுப் பழம் கிடையாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். நிஜமான போலித் தேயிலை வேறு: காய்ச்சி இறுத்த சக்கையை உலர்த்திச் சாயமேற்றியது. வடிதாளில் கொஞ்சம் பரப்பித் தண்ணீர் தெளித்து, தூளை உதறிவிட்டுத் தாளைக் குழாயில் கழுவினால் சாயக்கறை காட்டிக் கொடுத்துவிடும்.

காகிதத்தில் உள்ள போலிக்கு அப்படி எளிய சோதனை இல்லை. 2015 செப்டம்பரில் இங்கே பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ‘பொம்பிளை ஒருமை’ என்று தாங்களாகவே திரண்டு சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதம் கேட்ட இடத்தில் கம்பெனி தரவிருந்தது 10. முடிவில் 20 கிடைத்தது. ஆனால் ஒப்பந்தத்தில் அது முழுக்க போனஸ் அல்ல. 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் ‘எக்ஸ் கிரேஷியா’, அதாவது கருணைத் தொகை. கையில் வந்த ரூபாய் ஒன்றுதான். ஆனால் முதலாவது உரிமை, இரண்டாவது தயவு. அடுத்த வருஷம் கேட்கும்போது அந்தச் சொல் வித்தியாசம் நிச்சயம் வேலை செய்யும்.

இனி நிலம். 1877ல் பூஞ்சாற்றுத் தம்புரானிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலையை, வருஷத்துக்கு 3,000 ரூபாய் என்று எழுதி வாங்கினார். சுமார் 1,37,600 ஏக்கர். கேரள அரசு 1971ல் தனிச் சட்டம் கொண்டுவந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1974ல் நில வாரியம் 57,359 ஏக்கரைத் தேயிலைக்கும் அது சார்ந்த தேவைக்கும் கம்பெனிக்கே விட்டுக்கொடுத்தது. மீதி நிலம் அரசுடையது. விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் பிரித்துத் தருவதும் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. பட்டயம் என்ற சொல் (தமிழ்நாட்டில் பட்டா) இந்த மலையில் ஒரு கனவாக மாறியது அப்போதுதான்.

1999ல் தேவிகுளத்தில் கூடுதல் தாசில்தார் பொறுப்பில் இருந்த எம்.ஐ. ரவீந்திரன் 530 பட்டயங்கள் கொடுத்தார். அப்போது ஆட்சியில் இருந்தது ஈ.கே. நாயனாரின் இடது முன்னணி. சில வருஷங்களில் ‘ரவீந்திரன் பட்டயம்’ என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே மறந்துபோய்ப் பொதுப் பெயர்ச் சொல்லாகிவிட்டது. அவர் உண்மையில் துணைத் தாசில்தார், பட்டயத்தில் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு முறைப்படி வழங்கப்படவில்லை, நடைமுறைகள் பின்பற்றப்படவில்லை என்பது அரசின் வாதம். தனக்கு அதிகாரம் தரப்பட்டிருந்தது என்பது அவர் தரப்பு. 2007 மே மாதம் முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் மூன்று அதிகாரிகளை அனுப்பி ஆக்கிரமிப்புகளை இடிக்க வைத்தபோது (‘வி.எஸ்.ஸின் பூனைகள்’ என்று பத்திரிகைகள் அவர்களை அழைத்தன) இந்தப் பட்டயங்களும் தலைப்புச் செய்தியாயின. இடித்ததில் சில செல்லாது என்று 2014ல் உயர் நீதிமன்றம் சொன்னது வேறு கதை. 2022 ஜனவரியில் அரசு 530 பட்டயங்களையும் ரத்து செய்ய உத்தரவிட்டது. தகுதியுள்ளவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றது. ஆளும் மார்க்சிஸ்ட் கட்சியின் எம்.எம். மணியே அதை எதிர்த்தார்.

இப்போது சொல்லுங்கள், ரவீந்திரன் பட்டயம் என்ன ரகம்? டூப்ளிகேட் அல்ல, அதற்கு வேறு அசல் கிடையாது. போகஸ் என்பதும் சரியில்லை. கள்ள அச்சில் அடித்ததல்ல அது. தாள் அரசுத் தாள், முத்திரை அரசு முத்திரை, கையெழுத்துப் போட்டவர் அரசு அதிகாரி, போட்டது அவருடைய கையெழுத்தே. இலக்கணப் போலியில் எழுத்து மாறும், பொருள் மாறாது. இங்கே எழுத்தெல்லாம் சரி, பொருள்தான் இல்லை. மலையாளப் பத்திரிகைகள் ‘வியாஜ பட்டயம்’ என்று எழுதி முடித்துவிடுகின்றன.

சொல் முக்கியமா என்று கேட்கலாம். ஐந்து சென்ட்டில் ஓடு போட்டுக் குடியிருப்பவரும், அரசியல் தொடர்பில் ஏக்கர் கணக்கில் வளைத்து ரிசார்ட் கட்டியவரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைபடுகிறார்கள் என்பதால் முக்கியம். ஒருவர் தமிழ்ப் பொருளில் டூப் விட்டவர், இன்னொருவர் ஆங்கிலப் பொருளில் டூப் ஆனவர். தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அரசிதழில் அதிகாரம் வந்ததா இல்லையா என்று மனு கொடுக்கப் போனவர் எப்படிச் சரிபார்த்திருப்பார்?

தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் கவலைகூட இல்லை. அவர் பெயரில் காகிதமே கிடையாது. லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்கு 2021ல் குட்டியாறு பள்ளத்தாக்கில் வீடு கிடைத்தது.

ரவீந்திரன் பட்டயம் வைத்திருப்பவர் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ போனால் முதலில் கேட்கப்படுவது ஒரிஜினல் டாக்குமென்ட். ஜெராக்ஸ் எடுபடாது. அவர் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பட்டயத்தை எடுத்துக் காட்டுகிறார். அது ஒரிஜினல்தான்.