சிறு நகர வளர்ச்சியில் சாலை, குடிநீர், கழிவுநீர்த் திட்டமிடல்

இந்தியாவின் நகரமயமாதலைப் பற்றிப் பேசும்பொழுது மும்பை, கொல்கத்தா, தில்லி போன்ற மாநகரங்களே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு மற்றொரு போக்கையும் எடுத்துக்காட்டியது. அக்கணக்கெடுப்பின்படி நகர்ப்புற மக்கள் தொகை 37.7 கோடி, நாட்டின் மொத்த மக்கள் தொகையில் இது ஏறத்தாழ 31 விழுக்காடு. 2001-இல் 5,161 ஆக இருந்த நகரங்களின் எண்ணிக்கை, பத்தாண்டுகளில் 7,935 ஆக உயர்ந்தது. இவ்வுயர்வின் பெரும் பங்கு 'கணக்கெடுப்பு நகரங்கள்' எனப்படுபவற்றினுடையது. 5,000 பேருக்குக் குறையாத மக்கள் தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத அடர்த்தி, ஆண் தொழிலாளர்களில் முக்கால் பங்கினராவது வேளாண்மையல்லாத தொழில்களில் ஈடுபட்டிருத்தல் ஆகிய மூன்றும் பொருந்திய ஊர்கள் இவை. இவற்றின் எண்ணிக்கை 1,362-இலிருந்து 3,894 ஆயிற்று. தன்மையால் நகரங்களாகிவிட்ட இவ்வூர்கள், ஆட்சி முறையால் ஊராட்சிகளாகவே இருந்தன.

மக்கள் பெருகிய வேகத்தில் அடிப்படை வசதிகள் பெருகவில்லை. அதே கணக்கெடுப்பின்படி நகர்ப்புற வீடுகளில் பாதாளச் சாக்கடை இணைப்புப் பெற்றவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. செப்டிக் டாங்க் உடையவை 38 விழுக்காடு. இக்குறைபாட்டிற்குப் பணப் பற்றாக்குறை மட்டுமே காரணமன்று. சாலை, குடிநீர், கழிவுநீர் ஆகிய மூன்றும் தனித்தனித் துறைகளால், தனித்தனிக் காலங்களில், தனித்தனி வரைபடங்களைக் கொண்டு மேற்கொள்ளப்படுவதும் முக்கியக் காரணமாகும். தார் போட்ட சாலையை அடுத்த ஆண்டே குடிநீர்க் குழாய்க்காகவும், அதற்கடுத்த ஆண்டு சாக்கடைக்காகவும் தோண்டும் காட்சி இதன் விளைவே. இம்மூன்றும் உண்மையில் ஒரே திட்டத்தின் மூன்று உறுப்புகள் என்பதைச் சிறு நகரங்கள் வளர்ச்சியின் தொடக்கத்திலேயே உணர்தல் இன்றியமையாதது.

நிலமே முதல் மூலதனம்

ஒரு நகரின் சாலை என்பது வண்டிகள் செல்லும் பாதை மட்டுமன்று. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின்கம்பி ஆகிய அனைத்தும் சாலைக்குரிய நிலத்தின் வழியாகவே செல்ல வேண்டும். எனவே அந்நிலத்தை வீடுகள் எழும்புவதற்கு முன்பே ஒதுக்கி வைப்பது திட்டமிடலின் முதற்படியாகும். வயல்கள் மனைகளாக மாறும் காலத்தில் எளிதாகக் கிடைக்கும் நிலம், வீடுகள் எழுந்த பின்னர் இடிப்பு, இழப்பீடு, வழக்கு ஆகியவற்றைக் கடந்தே கிடைக்கும். அப்பொழுது நான்கு மீட்டர்ச் சந்தில் இரு குழாய்களையும் ஒரு வடிகாலையும் அடக்க முயலும் பொறியாளருக்கு நல்வழி எதுவும் எஞ்சியிராது.

நிலத்தைக் கையகப்படுத்தாமலேயே சாலைக்கு இடம் பெறும் முறை ஒன்று மேற்கிந்தியாவில் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. 1915-ஆம் ஆண்டு பம்பாய் நகரமைப்புச் சட்டத்தில் தோன்றி, 1976-ஆம் ஆண்டு குஜராத் நகரமைப்பு, நகர வளர்ச்சிச் சட்டத்தில் தொடரும் இம்முறையில், ஒரு பகுதியின் நிலங்கள் அனைத்தும் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றன. ஒவ்வோர் உரிமையாளரும் தம் நிலத்தில் ஒரு பங்கைச் சாலைக்கும் பொதுத் தேவைக்கும் விட்டுக்கொடுத்து, எஞ்சிய பங்கைச் சீரான வடிவமுள்ள மனையாகத் திரும்பப் பெறுகிறார். பரப்பு குறைந்தாலும் சாலை வசதியால் மனையின் மதிப்பு உயர்கிறது. அவ்வுயர்வில் ஒரு பகுதி வசதிகளின் செலவுக்காகப் பெறப்படுகிறது.

2001 ஜனவரி 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் பெருஞ்சேதமுற்ற கட்ச் மாவட்டத்துப் புஜ் நகரம் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். மதில் சூழ்ந்த பழைய நகரின் குறுகிய சந்துகளில் மீட்புப் பணிகள் பெரும் இடருக்குள்ளாயின. அதன்பின் அப்பகுதிக்கென நகரமைப்புத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. சிறு மனைகளிலிருந்து சிறிதளவும், பெரிய மனைகளிலிருந்து கூடுதலாகவும் நிலம் பெறப்பட்டுச் சாலைகள் அகலப்படுத்தப்பட்டன. உரிமையாளர்களுடன் கலந்து பேசி எல்லைகள் வரையறுக்கப்பட்டன. குடிநீர், கழிவுநீர், மழைநீர் அமைப்புகளுக்கு அதனால் இடம் கிடைத்தது. பேரழிவுக்குப் பின் புஜ் செய்ததை, வளரும் நகரங்கள் அழிவு எதுவும் நேராமலே தம் புறநகர்ப் பகுதிகளில் செய்துகொள்ள முடியும்.

நீரும் கழிவுநீரும் ஒரே கணக்கு

குடிநீர்த் திட்டமும் கழிவுநீர்த் திட்டமும் ஒரே மக்கள் தொகைக் கணிப்பிலிருந்து தொடங்க வேண்டும். இன்று 60,000 மக்கள் வாழும் ஒரு நகரம் ஆண்டுக்கு 3 விழுக்காடு வளர்வதாகக் கொள்ளலாம். முப்பது ஆண்டுகளில் அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 1,45,000 ஆகும். மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு 1999-இல் வெளியிட்ட கையேடு, பாதாளச் சாக்கடை உள்ள அல்லது அமைக்கப்படவுள்ள நகரங்களுக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீரை அளவாகக் குறித்தது. இவ்வளவின்படி அந்நகருக்கு இன்று நாள்தோறும் 81 லட்சம் லிட்டரும், முப்பது ஆண்டுகள் கழித்து 1 கோடியே 95 லட்சம் லிட்டரும் தேவைப்படும். குழாய்க் கசிவால் ஏற்படும் இழப்பு இதற்கு மேல்.

வழங்கப்படும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியியல் வழக்கு. அதன்படி இன்றே நாளொன்றுக்கு 65 லட்சம் லிட்டர் கழிவுநீர் எங்கேனும் செல்ல வேண்டும். அதற்கு வழி செய்யாமல் குடிநீரை மட்டும் பெருக்கினால், அந்நீர் தெருவோரத் திறந்த சாக்கடைக்கும், அதன் வழியே ஊர் ஏரிக்கும் செல்லும். சாக்கடை இல்லாத நகரங்களுக்கு அதே கையேடு 70 லிட்டரை மட்டுமே அளவாகக் குறித்ததன் பொருளும் இதுவே. நீரின் அளவும் கழிவுநீர் வசதியும் ஒன்றையொன்று சார்ந்தவை.

சரிவின் கட்டுப்பாடு

குடிநீர் அழுத்தத்தால் செல்வது. மேட்டுக்கும் அதனை ஏற்ற இயலும். கழிவுநீரோ பெரும்பாலும் சரிவினால் செல்வது. அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டருக்குக் குறைந்தால் திடப்பொருள்கள் குழாயில் படிந்து அடைப்பு ஏற்படும். 250 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று அமைத்தால், சமதளமான ஊரில் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் குழாய் 4 மீட்டர் ஆழம் இறங்கிவிடும். அதற்கு மேல் தோண்டுவது கடினமாதலால் நீரேற்று நிலையம் தேவைப்படும்.

ஆகவே கழிவுநீர் அமைப்பின் அமைவிடத்தை நிலத்தின் மேடு பள்ளமே தீர்மானிக்கிறது. நகரின் மிகத் தாழ்வான பகுதியில் சுத்திகரிப்பு நிலையத்திற்கும், இடையிடையே நீரேற்று நிலையங்களுக்கும் உரிய நிலத்தை வளர்ச்சித் திட்டத்தில் முன்னரே குறித்து வைத்தல் வேண்டும். புதிய சாலைகளின் போக்கையும் இச்சரிவுக்கு இசைய வகுத்தால், குழாய்களை ஆழமாகப் புதைக்கும் செலவு குறையும்.

குழாயின் அளவிலும் தொலைநோக்குத் தேவை. ஒரே சரிவில் 150 மில்லிமீட்டர்க் குழாயைவிட 200 மில்லிமீட்டர்க் குழாய் இரு மடங்குக்கும் சற்று அதிகமான நீரைக் கொண்டுசெல்லும். பள்ளம் தோண்டி மூடிச் சாலையைச் செப்பனிடும் செலவோ இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே. எனவே மண்ணுக்குள் புதைவனவற்றை முப்பது ஆண்டுத் தேவைக்கும், எளிதில் மாற்றக்கூடிய நீரேற்றுப் பொறிகளைப் பதினைந்து ஆண்டுத் தேவைக்கும் அமைப்பது வழக்கம். அதே வேளையில், தேவைக்கு மிஞ்சிய பெரிய குழாயில் தொடக்க ஆண்டுகளின் சிறிய ஓட்டம் வேகம் குன்றிக் கசடு படியச் செய்யும். மிகைக் கணிப்பும் குறைக் கணிப்பைப் போலவே தீங்கானது.

பிரித்துத் திட்டமிடுவதன் விலை

குடிநீரையும் கழிவுநீரையும் தனித்தனியே கருதுவதன் விளைவை நாடு பலமுறை கண்டுள்ளது. 1955-56 குளிர்காலத்தில் தில்லியில் நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர், யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டியது. அதனால் ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சட்காமாலைக்கு ஆளாயினர். அறுபது ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில் தொடங்கிச் சிம்லாவில் அதே நோய் பரவியது. நகரின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றான அஸ்வனி கட் ஓடையில், நீர் எடுக்கும் இடத்திற்கு மேற்புறமாக, மல்யாணா கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் கலந்து வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், உயிரிழப்பும் நேர்ந்தது. 2016-இன் தொடக்கத்தில் அவ்வோடையிலிருந்து நீர் வழங்குவது நிறுத்தப்பட்டது.

சிம்லாவில் சுத்திகரிப்பு நிலையமும் இருந்தது, குடிநீர்த் திட்டமும் இருந்தது. ஒன்றின் வாயில் மற்றொன்றின் வாயிலுக்கு மேலே அமைந்ததுதான் குறை. 2018-இல் அந்நகரின் குடிநீர், கழிவுநீர்ப் பொறுப்புகள் இரண்டும் ஒரே நிறுவனத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. நேரம் குறித்து வழங்கப்படும் குடிநீரிலும் இவ்விடர் உண்டு. நீர் நிறுத்தப்பட்ட வேளைகளில் குழாயின் அழுத்தம் இழக்கப்படுவதால், அருகிலுள்ள சாக்கடை நீர் கசிவு வழியே உட்புகுகிறது. கழிவுநீர்க் குழாய் குடிநீர்க் குழாய்க்குக் கீழும், போதிய இடைவெளி விட்டும் செல்ல வேண்டும் என்ற விதி இதனாலேயே ஏற்பட்டது. குறுகிய சந்துகளில் இவ்விதியைக் காப்பது அரிது என்பதும் நோக்கத்தக்கது.

வேலைகளின் வரிசை

மேற்கூறியவற்றிலிருந்து வேலைகளின் வரிசை தெளிவாகிறது. முதலில் நில அளவையும் மட்ட அளவையும் செய்து சாலைகளுக்கான நிலத்தை ஒதுக்குதல் வேண்டும். அடுத்து, ஆழத்தில் செல்லும் கழிவுநீர்க் குழாயைப் பதித்து, ஒவ்வொரு மனையின் எல்லை வரையிலும் இணைப்புக் குழாயை நீட்டி வைத்தல் வேண்டும். பின்னர்க் குடிநீர்க் குழாயும், மழைநீர் வடிகாலும் அமைய வேண்டும். நிரப்பிய மண் இறுகிய பின்னரே நிலையான சாலை போடுதல் தகும். அதுவரை சரளைச் சாலை போதுமானது. நிதி குறைவாயிருப்பின் சாலையின் மேற்பரப்பைத் தள்ளிப் போடலாம். நில ஒதுக்கீட்டைத் தள்ளிப் போடலாகாது. மக்கள் கண்ணுக்குத் தெரிவது தார்ச் சாலையே ஆதலால், இவ்வரிசையைத் தலைகீழாக்கும் நெருக்கடி நகராட்சிகளுக்கு எப்பொழுதும் உண்டு. அதனைத் தாங்கி நிற்பதே நிருவாகத் திறன்.

சாக்கடை எட்டாத பகுதிகள்

எல்லாச் சிறு நகரங்களிலும் உடனடியாகப் பாதாளச் சாக்கடை அமைத்தல் இயலாது. அடர்த்தி குறைந்த பகுதிகளில் அது சிக்கனமும் ஆகாது. அங்கே செப்டிக் டாங்குகளின் கசடை முறையாக அகற்றிச் சுத்திகரித்தல் வேண்டும். பெங்களூருவை அடுத்த தேவனஹள்ளியில் 2015-இல் இதற்கெனத் தனி நிலையம் அமைந்தது. 2017-இல் மத்திய அரசு மலக்கசடு மேலாண்மைக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. இத்தகைய ஏற்பாடு இல்லாத ஊர்களில் லாரிகள் கசடை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டிச் செல்கின்றன.

இதில் மனித உயிர் பற்றிய வினாவும் அடங்கியுள்ளது. மனிதர் கையால் மலம் அகற்றுவதையும், காப்புக் கருவிகளின்றிச் சாக்கடைக் குழிகளிலும் செப்டிக் டாங்குகளிலும் தொழிலாளரை இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாக்கடையில் இறந்தோர் குடும்பங்களுக்கு 2014-இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்த உச்ச நீதிமன்றம், 2023-இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. போதிய சரிவும், உரிய இடைவெளியில் ஆள்நுழைவுக் குழிகளும், துப்புரவு வண்டி நுழையுமளவு சாலை அகலமும் இருப்பின், பொறிகளைக் கொண்டே அடைப்பை நீக்க இயலும். வரைபடத்தில் செய்யும் பிழைக்கு இறுதியில் விலை கொடுப்பவர் குழிக்குள் இறங்கும் தொழிலாளியே.

நிதியும் பராமரிப்பும்

சிறு நகரங்களுக்கான மத்திய உதவி புதியதன்று. சிறு, நடுத்தர நகரங்களின் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் 1979-80-இல் தொடங்கப்பட்டது. 2005-இல் அதன் இடத்தில் விரிவான உள்கட்டமைப்புத் திட்டம் வந்தது. 2015-இல் 500 நகரங்களுக்கென அம்ருத் திட்டமும், 2021-இல் அதன் இரண்டாம் கட்டமும் தொடங்கின. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021-26 காலத்திற்கு, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள் தொகையுள்ள நகரங்களின் மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் எனக் கட்டுப்படுத்தியது.

மானியம் குழாயைப் பதிக்கும். அதனை இயக்கும் செலவை நகராட்சியே ஏற்க வேண்டும். மின்கட்டணம், ஊழியர் ஊதியம், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்குச் சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் ஈடுகொடுக்காவிடில், புதிய சுத்திகரிப்பு நிலையமும் சில ஆண்டுகளில் செயலிழக்கும். வீடுகள் இணைப்புப் பெறாவிடினும் இதே நிலைதான். சென்னையை ஒட்டியிருந்த ஆலந்தூர் நகராட்சி 1990-களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டத்தைத் தொடங்கியபொழுது, குடியிருப்போர் நலச் சங்கங்களுடன் பேசி, வீடொன்றுக்கு 5,000 ரூபாய் வைப்புத் தொகையை முன்னரே திரட்டியது. பயனாளிகள் பங்கேற்றதால் நிதியும் கிடைத்தது, இணைப்புகளும் உறுதியாயின. எனினும் ஏழைக் குடும்பங்களுக்குத் தவணை முறையோ சலுகையோ இன்றி இத்தகைய முறையை எங்கும் பின்பற்றுதல் பொருத்தமாகாது.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், நகரத் திட்டமிடல், சாலை, குடிநீர், துப்புரவு ஆகியவற்றை நகராட்சிகளுக்கு அளிக்கத்தக்க பதினெட்டுப் பணிகளுள் சேர்த்தது. பணிகளை ஒரே அமைப்பின்கீழ்ச் சேர்க்கும் எண்ணம் சட்டத்தில் உள்ளது. நடைமுறையில் வரைபடங்கள் இன்னும் பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எந்த ஆழத்தில் செல்கிறது என்பதைக் காட்டும் ஒரே வரைபடத்தைப் பேணுவதும், அதனைக் காணாமல் எந்தச் சாலைப் பணிக்கும் ஒப்புதல் தராமலிருப்பதும் பெருஞ்செலவின்றி எந்தச் சிறு நகராட்சியும் இன்றே தொடங்கக்கூடிய சீர்திருத்தங்களாகும். நாளைய மாநகரங்கள் இன்றைய சிறு நகரங்களிலிருந்தே உருவாகின்றன. அவற்றின் வயல்கள் மனைகளாகும் இக்காலமே அவற்றைச் சீராக அமைப்பதற்குரிய காலம்.